சொத்தையற்ற பல்

சப்ரகமுவ மாகாணத்திலே, கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும் இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் சில வருஷங்களாவது பழகியவர்கள் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருப்பார்கள். அடிக்கடி கண்ட காரணத்தினாலேயே அது அவர்களுக்கு ஓர் ஆச்சரியமாகத் தோன்றியிராது. விடியுமுன்பே எழுந்து பால்வெட்டப் போகின்ற, உடற்கட்டில் எவ்விதக் குறையும் இல்லாத, நாற்பது வயதைக்கூட எட்டாத ஒருவர், அன்றைய பேர், அதாவது ஒரு நாட்கூலி, போனாலும் போகட்டும் என்று அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் டாக்டர் முன்னே வந்து உட்கார்ந்து, "பல்லு ஆடுதுங்க ஐயா, சோறு மெல்ல முடியல, புடுங்கி விட்ருங்க" என்கிறார். வாயைத் திறந்து பார்த்தால் பல்லிலே சொத்தையில்லை, குழியில்லை, உடைவுமில்லை. வெற்றிலைக் கறை படிந்த, ஆயினும் முழுமையான பல். அது விரலால் தொட்டவுடனே நீரில் நட்ட கம்பு போல அசைகிறது. தோட்டத்து லயங்களில் இதற்குச் சொல்லப்படும் விளக்கம் ஒன்றுதான்: "வயசாகுது, பல்லு போகுது."

இந்த விளக்கம் பிழையானது என்பதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவை, பெரும்பாலும் இந்தத் தோட்டத்து ஜனங்களின் வாய்களே. அதைச் சொல்வதற்கு முன், பல் எதிலே நிற்கிறது என்பதைச் சற்றே பார்க்கவேண்டும்.

பல் தாடை எலும்பிலே ஆணி அடித்ததுபோல் நேரே பதிந்திருப்பதாக நினைப்போர் பலர். உண்மையில் பல்லின் வேருக்கும் அதைச் சூழ்ந்த எலும்புக்கும் நடுவிலே, கால் மில்லிமீற்றர் அளவேயான ஒரு நார்ப்படலம் இருக்கிறது. ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் பதிந்த எண்ணற்ற நுண்ணிய நார்களே பல்லைத் தொட்டிலில் இட்ட பிள்ளைபோலத் தாங்கி நிற்பவை. அந்தப் பற்குழி எலும்பு, சரீரத்திலுள்ள மற்ற எலும்புகளைப்போலத் தன்னளவில் நிலைத்திருப்பதன்று. பல்லுக்காகவே தோன்றி, பல் இருக்கும்வரை இருந்து, பல் போனபின் தானும் கரைந்து போவது. பற்கள் எல்லாம் விழுந்த முதியவர்களின் கன்னம் ஒட்டி, மோவாய் மூக்கை நோக்கி எழுந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட விஷயத்தில் வரிசை மாறிப்போகிறது: பல் விழுந்ததனால் எலும்பு கரையவில்லை, எலும்பு கரைந்ததனால் பல் விழுகிறது. கடுமழைக்குப் பிறகு மலைச்சரிவிலே மண் அரித்துப்போய், வேர்கள் வெளியே தெரிய, ஆயினும் இன்னமும் கொழுந்து விட்டுக்கொண்டு நிற்கும் தேயிலைச் செடியை இரத்தினபுரிப் பக்கத்தில் யாரும் பார்த்திருப்பார்கள். செடியிலே நோய் இல்லை. நிற்க மண்தான் இல்லை.

மண்ணை அரிப்பது எது என்ற கேள்விக்கு முதற்சாட்சி, 1683ஆம் ஆண்டிலே ஹொலாந்து தேசத்து அண்டோனி வான் லீவன்ஹூக் இலண்டன் றோயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதம். துணி வியாபாரியான அவர், தம் பற்களுக்கிடையே இருந்து சுரண்டி எடுத்த வெண்மாவைத் தாமே கடைந்த கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்து, அதிலே துள்ளியும் சுழன்றும் திரிகின்ற சூக்ஷ்ம ஜந்துக்களைக் கண்டார். அந்த வெண்மாவின் ஒரு மில்லிகிராமிலே பத்துக் கோடிக்கும் மேலான கிருமிகள் இருக்கும் என்று இன்று அறிகிறோம். எனினும், கிருமிகள் வாயில் இருப்பதும் அவை வியாதிக்குக் காரணமாவதும் வேறு வேறு விஷயங்கள். முன்னதிலிருந்து பின்னதற்குப் போய்ச் சேர ஏறத்தாழ 280 வருஷங்கள் பிடித்தன.

டென்மார்க்கிலுள்ள ஓர்ஹுஸ் நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் நார்வே தேசத்தவரான ஹரால்ட் லோ என்னும் ஆசிரியர் தம் சகபாடிகளுடன் செய்து, 1965இல் வெளியிட்ட பரிசோதனை, எளிமையிலே அழகானது. ஆரோக்கியமான ஈறுகளையுடைய பன்னிரண்டு பேர், பெரும்பாலும் மாணவர்கள், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் எல்லோருடைய ஈறுகளும் சிவந்து வீங்கின. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சில நாட்களிலே எல்லாம் பழைய ஸ்திதிக்குத் திரும்பின. ஈற்றழற்சிக்குக் காரணம் வயதுமன்று, சூடுமன்று, வைட்டமின் குறைவுமன்று, பல்லின்மேல் படியும் கிருமிப்படலமே என்பது இதனால் ஐயமற விளங்கிற்று. ஆனால் மூன்று வாரத்திலே கண்டது ஈற்றின் வீக்கம் மட்டுமே. எலும்பு கரைவதைக் காண மூன்று வாரம் போதாது, முப்பது வருஷம் வேண்டும். துலக்காமலே முப்பது வருஷம் இருக்கச் சம்மதிக்கும் மாணவன் ஓர்ஹுஸ் நகரத்தில் எங்கே கிடைப்பான்?

அந்த மனிதர்களைத் தேடித்தான் லோவும் அவருடைய தோழர்களும் 1970ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தவை பூண்டுலோயாப் பக்கத்திலே அடுத்தடுத்திருந்த டன்சினன், ஹரோ என்னும் இரு தேயிலைத் தோட்டங்கள். அவை நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தவை, சப்ரகமுவத்தைச் சேர்ந்தவையல்ல. ஆயினும் அங்கிருந்தவரும் இங்கிருப்பவரும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாரோடு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஒரே மாதிரியான லயத்துக் காம்பரா, ஒரே சாயத்தண்ணி, ஒரே வெற்றிலைப் பை. கொள்வினை கொடுப்பினையும் மலைநாட்டுக்கும் இரத்தினபுரிக்கும் இடையே இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே அங்கே கண்டது இங்குள்ளோரையும் பற்றியது என்று கொள்வதில் தவறில்லை.

அங்கே 480 ஆண் தொழிலாளர்கள், பதினான்கு முதல் முப்பத்தொரு வயது வரையானவர்கள், பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். பல் துலக்கும் தூரிகையை அறியாதவர்கள், எந்தப் பல் வைத்தியத்துக்கும் ஆளாகாதவர்கள், தேகாரோக்கியத்திலே குறைவில்லாதவர்கள். இவற்றைவிட ஆராய்ச்சியாளர்களுக்கு உவப்பான விஷயம் ஒன்று இருந்தது: அவர்கள் வாயிலே சொத்தைப் பல் அநேகமாக இல்லை. பல் போனவர்களுக்கெல்லாம் போனது ஈற்று வியாதியினாலேயே என்று திட்டமாகச் சொல்ல இது வழிசெய்தது. 1970, 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய வருஷங்களிலே ஓகே அனெருட், ஹான்ஸ் பாய்சன் என்னும் அதே இருவர் மறுபடியும் மறுபடியும் வந்து, மில்லிமீற்றர் குறியிட்ட மெல்லிய கோலினால் ஒவ்வொரு பல்லையும் அளந்தார்கள். பல்லின் மேல்மிளிரி முடியும் கோட்டிலிருந்து, ஈற்றின் உள்ளே கோல் இறங்கி நிற்கும் இடம் வரையுள்ள தூரம். அதாவது, ஒரு காலத்தில் பல்லோடு ஒட்டியிருந்து இப்போது விட்டுப்போன பிடிப்பின் அளவு.

ஒப்புநோக்குவதற்கு 1969இலேயே ஒஸ்லோ நகரத்து மாணவர்களும் கல்விமான்களுமாக 565 பேரை அளந்துவைத்திருந்தார்கள். நாற்பது வயதை அணுகும் ஒஸ்லோவாசி இழந்திருந்த பிடிப்பு சராசரி ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். நாற்பது வயதுத் தோட்டத் தொழிலாளி இழந்திருந்ததோ நாலரை மில்லிமீற்றர்.

இடையிலே ஒரு வார்த்தை. இந்த ஆராய்ச்சி நடந்த வருஷங்கள் தோட்டத்து ஜனங்களுக்கு எப்படிப்பட்ட வருஷங்கள் என்பதை மருத்துவ ஏடுகள் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிரஜாவுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்குமாகக் கணக்கிடப்பட்டு, தலைமன்னாரிலே கப்பலேறிக் கொண்டிருந்த காலம் அது. 1973, 1974இலே தோட்டங்களில் பசிச்சாவு நிகழ்ந்தது. 1975இலே கம்பெனித் தோட்டங்கள் அரசாங்க உடைமையாயின. 1977இலும் 1981இலும் 1983இலும் வன்செயல், அதிலும் 1981 ஆகஸ்டிலே இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் பட்ட பாட்டை இங்குள்ள முதியவர்கள் இன்றும் தாழ்ந்த குரலிலேயே சொல்லுவார்கள். 480 பேரோடு தொடங்கிய ஆராய்ச்சியின் இறுதிக் கணக்கிலே 1985இல் நின்றவர்கள் 161 பேர். எண்ணிக்கை குறைந்தது என்று ஏட்டிலே ஒரு வரியாக எழுதிவிடலாம். அந்த ஒரு வரிக்குப் பின்னே இருப்பது ஒரு சமூகத்தின் சரித்திரம்.

1986ஆம் ஆண்டிலே லோ, அனெருட், பாய்சன், எட்வர்ட் மொரிசன் ஆகிய நால்வர் இந்த அளவைகளைத் தொகுத்து வெளியிட்டபோது பல் வைத்திய உலகம் சற்றே திகைத்தது. துலக்காத வாய், அழுக்கு இறுகிக் காரை படிந்த பல், அழன்ற ஈறு என்பன எல்லோருக்கும் பொதுவாக இருக்க, வியாதியின் கதியும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அவ்வாறு இருக்கவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு அழிவு மிக வேகமாக நடந்தது. முப்பத்தைந்து வயதிலே ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் பிடிப்பு போய், நாற்பத்தைந்திலே 13 மில்லிமீற்றர், அதாவது பெரும்பாலான பற்களின் வேர் எவ்வளவு நீளமோ அவ்வளவும் போய்விட்டது. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கிய இவர்களுக்கு நாற்பத்தைந்திலே வாயில் பல்லே இல்லை. நூற்றுக்கு 81 பேர் நடுத்தரம். முப்பத்தைந்திலே 4, நாற்பத்தைந்திலே 7 மில்லிமீற்றர். எஞ்சிய 11 பேருக்கோ, அதே அழுக்கும் அதே காரையும் வாயிலிருக்க, ஒரு மில்லிமீற்றர்கூட முழுசாகப் போகவில்லை; பற்கள் எல்லாம் தம் இடத்திலேயே நின்றன.

இந்த 11 பேரே என் புத்தியை அதிகமாக ஈர்க்கிறவர்கள். ஒரே மலையிலே, ஒரே லயத்திலே, ஒரே உணவை உண்டு, ஒரேயளவு அழுக்கைச் சுமந்த இருவரில் ஒருவன் நாற்பத்தைந்திலே பொக்கைவாயனாகவும் மற்றவன் முழுப்பல்லனாகவும் இருப்பானாயின், எலும்பை அழிப்பது கிருமி மட்டுமன்று. கிருமியைக் கண்டு அந்த மனிதனுடைய சரீரம் என்ன செய்கிறது என்பதும் அதிலே சம்பந்தப்பட்டிருக்கிறது என்ற முடிவுக்கு வராமலிருக்க முடியாது. கிருமி எலும்பைத் தின்கிறது என்று நாம் பேச்சு வழக்கிலே சொல்லுகிறோம். கிருமிக்கு எலும்பைத் தின்னும் பல் கிடையாது. தின்பது நம்முடைய சொந்த உயிரணுக்களே.

இந்த விந்தையைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். எலும்பு என்பது கல்லைப்போல் ஒருமுறை ஆகி நின்றுவிட்ட பொருளன்று. சரீரத்திலே ஒரு வகை உயிரணு எப்போதும் எலும்பைக் கட்டிக்கொண்டேயிருக்க, மற்றொரு வகை எப்போதும் அரித்துக்கொண்டேயிருக்கிறது. அரிக்கும் அணு, இரத்தத்திலே காவல் திரியும் வெள்ளணுக்களின் குலத்திலே பிறந்தது; அவற்றுட் பல ஒன்றாக உருகிக் கூடிப் பல உட்கருக்களையுடைய ஒரு பேரணுவாகி, எலும்பின்மேல் அட்டைபோல் ஒட்டிக்கொண்டு, கீழே அமிலத்தைச் சுரந்து சுண்ணத்தைக் கரைத்து, கதெப்சின் என்னும் நொதியினால் எஞ்சிய நாரையும் செரித்துவிடும். இந்தப் பேரணு தானாக உருவாகாது. உருவாகு என்று ஒரு சமிக்ஞை வரவேண்டும். 1990களின் இறுதியில் கண்டறியப்பட்ட ராங்க்-எல் என்னும் புரதமே அந்தச் சமிக்ஞை. அதைப் பிடித்து அடக்குவதற்கு ஆஸ்டியோபுரோட்டெகெரின் என்று இன்னொரு புரதமும் உண்டு. இவ்விரண்டும் தராசுத் தட்டுப்போலச் சமமாக நின்றால், கட்டுவதும் அரிப்பதும் சமமாக நடக்கும். எலும்பு எலும்பாகவே நிற்கும்.

ஈற்றின் கீழே கிருமிகள் பெருகும்போது இந்தத் தராசு சாய்கிறது. கிருமிகளின் மேற்போர்வையிலுள்ள நச்சுக்கொழுப்பை நுகர்ந்த காவலணுக்கள், இன்டர்லூக்கின், புரொஸ்டகிளாண்டின் முதலிய திரவியங்களைச் சுரந்து மேலும் காவலரை அழைக்கின்றன. வந்து குவிகின்ற நிணவணுக்களும், ஈற்று நாரணுக்களும், எலும்பைக் கட்டும் அணுக்களுமே கூடத் தம்மேல் ராங்க்-எல் புரதத்தை ஏந்திக்கொள்ளுகின்றன. தொற்றை எதிர்க்க எழுந்த ஆரவாரம் எலும்பின் காதிலே "கரை" என்ற கட்டளையாக விழுகிறது. கிருமிப்படலத்தின் ஓரத்துக்கும் எலும்பின் விளிம்புக்கும் இடையே எப்போதும் ஏறத்தாழ 0.5 முதல் 2.7 மில்லிமீற்றர் வரையிலான வெளி காணப்படும் என்று நார்வே தேசத்து வேர்ஹவுக் அளந்து சொன்னது இங்கே நினைக்கத்தக்கது. படலம் வேரின்வழியே கீழிறங்க இறங்க, எலும்பு அந்த இடைவெளியை விட்டுக்கொடாமல் பின்வாங்கிக்கொண்டே போகிறது. என் அபிப்பிராயத்தில் இதை அழிவு என்பதைவிடப் பின்வாங்கல் என்பதே பொருந்தும். கிருமி எலும்புக்குள்ளே புகுந்து மச்சையைத் தொற்றிவிடாதபடி சரீரம் தன் எல்லையைத் தானே குறுக்கிக்கொள்ளுகிறது. ஆபத்தான தாடை எலும்புத் தொற்று இந்த வியாதியிலே அபூர்வமாயிருப்பதும் அதனோடு ஒத்துப்போகிறது. அந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை பல்.

எல்லாக் கிருமிகளும் இதிலே சமபங்குடையவை அல்ல. பொஸ்டன் நகரத்திலே சிக்மண்ட் சொக்ரான்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 1998இலே வாய்க் கிருமிகளைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்து நிறங்களால் பெயரிட்டபோது, ஆழமான ஈற்றுப்பைகளிலே சேர்ந்தே காணப்படும் மூன்றைச் செந்நிறக் கூட்டம் என்றார்கள்: போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், டானரெல்லா ஃபோர்சிதியா, ட்ரெபோனிமா டென்டிகோலா. இவற்றுள் முதலாவது, கபடம் மிகுந்தது. கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் வாயிலே அதனைத் தனியாக விட்டால் எலும்பு கரைவதில்லை. வழக்கமான வாய்க்கிருமிகளையுடைய எலிக்கு விட்டால், தொகையிலே அது மிக அற்பமாயிருந்தும், மற்றக் கிருமிகளெல்லாம் பெருகி எலும்பு கரைகிறது. ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட இந்த முடிவு, ஊரிலே தான் ஒரு கல்லும் எறியாமல் இருபுறத்தாரையும் மூட்டிவிடுபவனை நினைவூட்டுகிறது. காவலணுக்களின் சைகைகளை அது தன் நொதிகளால் வெட்டித் திரித்துவிடுகிறது. அழற்சி அடங்குவதில்லை, கிருமிகள் அழிவதுமில்லை. அழன்ற ஈற்றிலிருந்து கசியும் இரத்தத்தின் இரும்பே அதற்கு ஆகாரம். நம் சரீரம் எவ்வளவுக்குக் கோபிக்கிறதோ அவ்வளவுக்கு அதற்குச் சாப்பாடு.

வெற்றிலையைப் பற்றிப் பேசாமல் தோட்டத்து வாயைப் பற்றிப் பேச முடியாது. கேகாலை மாவட்டத்திலே புலத்கொஹுபிட்டிய என்று ஓர் ஊர் உண்டு. அப்பெயரின் முதற்பகுதியான புலத் என்னும் சிங்களச் சொல்லுக்கு வெற்றிலை என்றே பொருள். மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்குப் பசியையும் அலுப்பையும் மறக்க அதைவிட மலிவான துணை கிடையாது. ஆகையால் அதைக் குற்றமாக எடுத்துக் கூறுவோரிடம் எனக்கு மரியாதை குறைவு. ஆயினும் பாக்கின் சாறு ஈற்றையும் பல்லையும் பிணைக்கும் நாரணுக்களின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுக்கூடங்களிலே கண்டிருக்கிறார்கள். பாக்கு புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் புகையிலை சேராத பாக்கையும் சேர்த்தே 2004இல் வகைப்படுத்திற்று. வெற்றிலைக் கறையேறிக் கரடுமுரடான பல்லின்மேல் அழுக்குப்படலம் எளிதிலே தங்குகிறது. அந்தப் படலமே உமிழ்நீரிலுள்ள சுண்ணத்தை ஏற்றுக் காரையாக இறுகுகிறது. புகைப்பவரின் ஈறோ வேறு விதமாக ஏமாற்றும். புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ஈற்றிலே இரத்தம் கசிவது குறைந்து, உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்க, வெளியே எல்லாம் சுகமென்று தோன்றும்.

2010ஆம் ஆண்டிலே, முதற் பரிசோதனைக்கு நாற்பது வருஷம் கழித்து, ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தோட்டங்களுக்கு மீண்டும் போனார்கள். லோ 2008இலேயே காலமாகிவிட்டார். பழைய 480 பேரில் 75 பேரைக் கண்டு அளக்க முடிந்தது. நாற்பது வருஷத்திலே பல்லொன்றும் இழக்காதவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். வாயிலே ஒரு பல்லும் எஞ்சாதவர்களும் இருந்தார்கள். 2017இலே வெளிவந்த அந்த அறிக்கை, வியாதி தொடங்குவதோடு புகைத்தலும் காரையும் சம்பந்தப்பட்டிருப்பதையும், தொடங்கிய வியாதி முற்றுவதோடு காரையும் படலமும் அழற்சியும் சம்பந்தப்பட்டிருப்பதையும் காட்டிற்று. அதிலே ஓர் எண், தோட்டத்தார் அறியவேண்டிய எண்: முப்பது வயதிலே சராசரிப் பிடிப்பிழப்பு 1.81 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தவர்களே அறுபதிலே இருபது பல்லாவது வைத்திருக்கக்கூடியவர்கள் என்று கணித்தார்கள். ஆகவே பால்வெட்டுக்காரர் ஒருவர் அறுபதிலே சோறு மெல்லுவாரா, கஞ்சி குடிப்பாரா என்பது, பல் ஒன்றும் ஆடாத, வலியே தெரியாத, துலக்கும்போது எச்சிலிலே சற்றே சிவப்பு தெரிகிற முப்பது வயதிலே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. வெற்றிலை போடுகிறவருக்கு அந்தச் சிவப்பும் தெரியாது.

கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளர்வதில்லை. ஆனால் ஈற்றின் கீழுள்ள காரையைச் சுரண்டியெடுத்து, நாள்தோறும் படலத்தை அகற்றினால், எலும்பு பின்வாங்குவது அநேகருக்கு நின்றுவிடும். இது மலிவான சிகிச்சைதான். ஆனால் அதற்கு ஆஸ்பத்திரிக்கு இரண்டு மூன்று முறை போகவேண்டும்; தெரணியகலைக்கோ இறக்குவானைக்கோ மேலேயுள்ள ஒரு டிவிஷனிலிருந்து போவதென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு பேர். பிடுங்குவதற்கு ஒரே முறை போதும். ஆகையால் பிடுங்குகிறார்கள்.

பால் பல் விழுந்தால் லயத்துக் கூரைமேல் எறிந்து விளையாடிய அதே மனிதர், இப்பொழுது பிடுங்கிய பல்லை என்னவென்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்து போகிறார். தட்டிலே கிடக்கும் அந்தப் பல்லைக் கையிலெடுத்துப் பாருங்கள். மேற்பாகம் வெற்றிலைச் செம்மை ஏறி, ஆனால் சொத்தையின்றி முழுசாக இருக்கும். அதன்கீழே, எலும்பு பிடித்திருக்கவேண்டிய வேரிலே, ஈற்றின் இரத்தத்தைக் குடித்துக் கறுத்த காரை, மேலிருந்து கீழாகத் தார் பூசியதுபோல் இறுகியிருக்கும். வேரின் நுனியிலே ஒரு நகத்தளவு மட்டும் காரை ஏறாமல் மஞ்சளாகத் தெரியும். அந்த நகத்தளவில்தான் அது இத்தனை நாளும் நின்றிருந்தது.